ஆட்டக்களத்தில் அரும்பிய அன்பு

தமயந்தி நளனைக் கண்ணாற் காணுமுன்பே அன்னத்தின் வாய்ச்சொல் கேட்டுக் காதலித்தாள் என்பது நளவெண்பா படித்தோர் யாவரும் அறிந்த கதை. அவ்விருவரையும் பிற்காலத்திற் பிரித்து வைத்தது சூதாட்டம். ஆட்டத்தினாற் பிரிந்த காதலரைப் புலவர் பாடினர். ஆட்டத்தினாற் கூடும் காதலரும் உளர் என்பதை இக்காலம் கண்டிருக்கிறது. அவர்களுள்ளும் இளைஞரை விடுத்து, நாற்பதும் ஐம்பதும் கடந்து, மணமுறிவாலோ துணையின் மறைவாலோ தனித்து நிற்போரின் நிலையே ஈண்டு ஆராயத்தக்கது.

முகம் காணாத நேசம் இணையத்தோடு பிறந்ததன்று. தந்தி அலுவலகத்தில் தாமே பணியாற்றிய எல்லா சீவர் தேயர் என்னும் அமெரிக்கப் பெண்மணி, தந்திக் கம்பியின் இரு முனைகளிலும் இருந்து தட்டித் தட்டிப் பேசிய இருவர் காதல் கொள்வதை 1879ஆம் ஆண்டிலேயே நாவலாக எழுதிவிட்டார். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் றோய் ட்றப்ஷோ, றிச்சர்ட் பார்ட்டில் என்னும் மாணவர் இருவர் ‘மட்’ என்ற கணினி விளையாட்டை ஆக்கினர். அதில் ஓவியம் எதுவுமில்லை, எல்லாம் எழுத்தே. ஆயினும் பலர் ஒரே வேளையிற் புகுந்து ஒருவரோடொருவர் உரையாட அது இடங்கொடுத்தது. 1999இல் வந்த எவர்குவெஸ்ட்டும், 2004இல் வந்த வேர்ள்ட் ஒஃப் வார்கிராஃப்ட்டும் அம்மரபில் வந்தவையே.

இவற்றைச் சிறுவர் பொழுதுபோக்கென ஒதுக்குவோர் பலர். நிக் யீ என்னும் ஆய்வாளர் மூன்றாண்டுகளாக 30,000 ஆட்டக்காரரிடம் வினவித் திரட்டி 2006இல் வெளியிட்ட செய்தி வேறு. பதின்ம வயதினர் நாலிலொரு பங்கினரே. ஏறத்தாழ அரைவாசிப் பேர் முழுநேர வேலை பார்ப்போர். நூற்றுக்கு 36 பேர் மணமானோர். 22 பேர் பிள்ளைகளைப் பெற்றோர். கிழமையொன்றுக்குச் சராசரி 22 மணிநேரத்தை இவர்கள் அங்கே கழித்தனர். அத்துணை நேரம் ஒருங்கிருப்போரிடையே நட்பும் பகையும் தோன்றாவிட்டாலே வியப்பு.

வார்கிராஃப்ட் ஆட்டத்தின் தொடக்க ஆண்டுகளிற் பெரும்பகைவர் சிலரை வீழ்த்துவதற்கு 40 பேர் வரை ஒன்றுதிரண்டனர். 2007இலேதான் அத்தொகை 25 ஆகக் குறைந்தது. இன்ன நாள், இன்ன மணி என்று குறித்து, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து கூடுவர். ஒருவர் கேடயந் தாங்கி முன்னின்று பகைவனின் அடிகளையெல்லாம் தம்மேல் வாங்குவார். வேறொருவர் பின்னின்று அவர் புண்களை ஆற்றிக்கொண்டேயிருப்பார். ஆற்றுபவர் கணப்பொழுது அயர்ந்தால் தாங்குபவர் வீழ்வார். தாங்குபவர் வீழ்ந்தாற் படை முழுவதும் மடியும். ஒரே பகைவனிடம் இருபது முறை தோற்று, இருபத்தோராம் முறையும் எழுந்து நிற்க வேண்டும். அத்தோல்விகளுக்கிடையே யார் சினந்து பிறரை ஏசுகிறார், யார் தம் பிழையைத் தாமே ஒப்புகிறார், யார் புதியவருக்குப் பொறுமையோடு சொல்லிக் கொடுக்கிறார், வென்ற பொருளை யார் விட்டுக்கொடுக்கிறார் என்பன எல்லாரும் காண வெளிப்பட்டுவிடும். நல்லுடை உடுத்து உணவுச்சாலையில் எதிரெதிரே அமர்ந்து பேசும் இருவர், ஒருவரைப்பற்றி மற்றவர் இவ்வளவும் அறிவதற்குப் பல மாதங்கள் செல்லும்.

நடுவயதினருக்கு இது எத்துணைப் பெரிய வாய்ப்பு! நாற்பத்தைந்து வயதில் மணமுறிவு கண்ட பெண்ணொருத்தியை எண்ணிப் பார்க்கலாம். பகலில் அலுவலகம், மாலையில் அடுக்களையும் பிள்ளையின் பாடமும், பிள்ளை உறங்கிய பின்னரே அவளுக்கென ஒரு பொழுது. அவ்வேளையில் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே செல்லல் இயலாது. சென்றாலும், நரையும் பருமனுமே முதலில் எடைபோடப்படும் என்னும் கூச்சம் வேறு. ஆட்டக்களத்துக்கு அவள் துணை தேடி வரவில்லை, களைப்பாற வருகிறாள். அங்கே அவள் கைதேர்ந்த மருத்துவச்சி; அவளின்றிப் படை புறப்படாது. போர் முடிந்து மற்றையோர் கலைந்தபின் கேடயந் தாங்கிய ஆடவனோடு பத்து நிமிடம் பேசுகிறாள். அப்பத்து நிமிடம் நாளடைவில் ஒரு மணியாகிறது. ஒருநாள் அவன் வராதொழிந்தால், படைக்கு ஆளில்லையே என்பதன்று அவள் கவலை.

ஆனால் இவ்வன்பின் மறுபுறத்தை மறைத்தல் தகாது. எழுத்தின் மூலமே பழகுவோர் தம் நல்ல பகுதியையே தேர்ந்து காட்டுவர். காணாத பகுதியை, கேட்போர் தம் விருப்பத்தால் நிரப்பிக்கொள்வர். ஆகவே அந்நெருக்கம் சிலவேளை நேரிற் பழகும் நெருக்கத்தையும் விஞ்சிவிடும் என 1996இல் ஜோசப் வால்தர் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். இதனை வஞ்சகரும் அறிவர். 2009இல் வெளிவந்த வேர்ட்ஸ் வித் ஃபிரெண்ட்ஸ் என்னும் சொல்லாட்டத்தில், ஆடுவோர் பேசுவதற்கென அமைந்த பகுதியிலேயே தனித்து வாழும் முதியோரை வலைவீசிய கயவர் உளர். காதலின் பேரால் நிகழ்ந்த மோசடிகளைக் குறித்து 2022ஆம் ஆண்டில் அமெரிக்க வாணிக ஆணைக்குழுவிடம் முறையிட்டோர் ஏறத்தாழ 70,000 பேர். அவர்கள் இழந்த தொகை 130 கோடி டொலர். அவற்றுள் ஆட்டத்திலே தொடங்கியவை ஒரு பகுதியே. ஆட்டக்களத்துக் கயவன் பெரும்பாலும் அவசரக்காரன். ஆட்டத்தை விட்டு வேறிடத்துக்குப் பேச அழைப்பான், பின் பணமுடை என்பான். ஈராண்டு கிழமைதோறும் தவறாது வந்து அடிவாங்கிக்கொண்டு நிற்பது அவனுக்குக் கட்டுபடியாகாத தொழில்.

வஞ்சகமே இல்லாத இடத்தும் கண்ணீர் உண்டு. கணவன் உயிரோடிருக்க, இரவெல்லாம் திரையின் முன் அவனை இழந்துவிட்ட மனைவியர் தம்மை ‘எவர்குவெஸ்ட் விதவைகள்’ என்றே சொல்லிக்கொண்டனர். கேலிபோலத் தோன்றும் அப்பெயரிற் கேலி குறைவு. தனித்திருப்போர்க்குத் துணை தரும் அதே களம், துணையுள்ளோரைத் தனிமைப்படுத்தவும் வல்லது.

முதற் சந்திப்பு வானூர்தி நிலையத்திலோ புகைவண்டி நிலையத்திலோ நிகழும்போது, நெடுநாட் பழகிய குரல் அறியாத முகமொன்றிலிருந்து எழக் கேட்டு இருவரும் திகைப்பர். அத்திகைப்பு விரைவில் நீங்கிவிடும். நீங்காதது ஊரும் பிள்ளையும் பற்றிய சிக்கலே. இருபது வயதினர் ஒரு பெட்டியோடு புறப்பட்டுவிடலாம். நாற்பத்தைந்து வயதினர்க்கு வேலை உண்டு, கடன் கட்டி முடியாத வீடு உண்டு, முதிர்ந்த தாய் உண்டு. அமெரிக்காவில் மணமுறிந்த தாய், பிள்ளையைத் தொலைவிலுள்ள மாநிலத்துக்கு அழைத்துச் செல்வதாயின், பெரும்பாலும் தந்தையின் இசைவோ நீதிமன்றத்தின் அனுமதியோ வேண்டும். ஆகவே பிள்ளை பள்ளிப்படிப்பை முடிக்கும்வரை காத்திருப்பதென இருவரும் முடிவு செய்வதுண்டு. அதுவரை விடுமுறை நாட்களில் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் வந்து போவர். எஞ்சிய நாட்களில், பிள்ளை உறங்கியபின் அவன் கேடயத்தோடு முன்னே நிற்க, அவள் பின்னின்று புண்களை ஆற்றிக்கொண்டிருப்பாள்.