லயத்தை ஒப்படைக்கும் உறவினருக்கு வாடகை வீடு

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று சம்பளத்தைப் பற்றியோ போனஸைப் பற்றியோ பேச நாம் எழுந்திருக்கவில்லை. ஓய்வு பெற்றுத் தோட்டத்து வீட்டை ஒப்படைக்க வேண்டிய நம் மாமனுக்கோ, சித்தப்பாவுக்கோ, கணவனை இழந்த அத்தைக்கோ, தாங்கக்கூடிய வாடகையில் வெளியே ஒரு வீடு பார்த்துக் கொடுப்பது எப்படி என்பதே செயலவை நமக்கு இட்ட தலைப்பு. "வீடு பார்ப்பதற்கும் ஒரு கூட்டமா?" என்று பின்வரிசையில் ஒருவர் சிரிப்பது நம் காதில் விழுகிறது. சிரிக்கட்டும். அவருடைய வயதை நாம் செக்ரோலில் பார்த்திருக்கிறோம். அவர் வீட்டுக்கே முதலில் வருவோம்.

தோழர்களே! நம் வீடு நம் வேலையோடு கட்டப்பட்டது. வேலை உள்ள மட்டும் வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. நம் பாட்டனார் காலத்து ஏற்பாடு இது. சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டம் எதைப் பார்த்தது என்பதைச் சற்றுக் கவனியுங்கள். 1966-ஆம் ஆண்டில் இந்நாட்டில் வீடு பற்றி இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம். அதன் இடத்தில்தான் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அது 2020 ஜூன் 1 முதல் மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. மற்றொன்று, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948 ஜனவரி மாதத்துக்குள் கட்டப்பட்ட பட்டணத்துக் கட்டடங்களின் வாடகையை அது கட்டிப் பிடித்திருந்தது. 1997-இல் அது ரத்தாயிற்று. 1999 முடியும் வரை தவணை கொடுத்தார்கள். பிறகு ஜோர்ஜ் டவுன் போன்ற ஊர்களில் பழைய கடைவீடுகளில் இருந்த ஏழைகள் வாடகை தாளாமல் வெளியேறினார்கள். ஆக, முதல் சட்டம் உழைக்கிறவனுக்கு முதலாளி தரும் வீட்டைப் பற்றியது; இரண்டாவது சட்டமோ இன்று இல்லை. அறுபது வயதில் லயத்தை விட்டு வெளியே வந்து வாடகைக்கு வீடு தேடும் பால்வெட்டுக்காரர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அந்த இடத்தில் அவருக்கு மிஞ்சியிருப்பது உறவினர்களாகிய நாம்தான்.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. குவார்ட்டர்ஸ் என்று பெயர் மாறினாலும் அதுவும் வேலை வீடுதான்.

நிற்க. முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். மாதம் 500 வெள்ளி வாடகையில் ஒரு வீடு கிடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு மாத வாடகை டெபாசிட். தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத டெபாசிட். அதோடு முதல் மாத வாடகை. மொத்தம் 1,750 வெள்ளி. 2025 பிப்ரவரி 1-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமோ 1,700 வெள்ளி. ஒரு மாதம் முழுக்க வெட்டிய பாலையெல்லாம் கொட்டினாலும் கதவு திறக்க 50 வெள்ளி குறைகிறது! பெட்டி படுக்கை ஏற்றும் லோரிக் கூலி இதில் சேரவில்லை.

இந்தப் பணம் எங்கிருந்து வரும்? ஊழியர் சேமநிதியில் 55 வயதில் எடுக்கக்கூடியதைப் பலர் அப்போதே எடுத்து, மகள் கல்யாணத்துக்கும் மகன் மோட்டார் சைக்கிளுக்கும் செலவழித்துவிடுகிறார்கள். குற்றம் சொல்ல வரவில்லை. கல்யாணமும் செய்யத்தான் வேண்டும். ஆனால் 55-க்குப் பின்னும் வேலை செய்கிறவருக்குச் சேரும் சந்தா 'அக்காவுன் எமாஸ்' என்ற தனிக் கணக்கில் நின்று, 60 வயதில் கைக்கு வருகிறது. ஓய்வு பெறும் வயதும் வீட்டை ஒப்படைக்கும் வயதும் அதுவேதான். அந்தப் பணத்தில் வீட்டு டெபாசிட்டை முதலில் ஒதுக்கி வையுங்கள் என்று மாமாவிடம் இப்போதே சொல்லி வைப்பது மருமகனின் கடமை. அவர் கோபித்துக்கொள்வார். சொல்லத்தான் வேண்டும்.

சென்ற ஆண்டு நம் தோழர் ஒருவரின் தாய்மாமனுக்கு வீடு தேடி ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் நாம் அவரோடு அலைந்தோம். மாமன், மாமி, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, மாமியின் ஏழு கோழிகள், இதுதான் குடும்பம். மகன் பட்டணத்தில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறார். "எங்களோடு வந்துவிடுங்கள் அப்பா" என்றும் கூப்பிட்டார். பெரியவர் மறுத்துவிட்டார். "முப்பத்தெட்டு வருஷம் என் வீட்டுக் கதவை நான்தான் சாத்தினேன் தம்பி. இனி ஒருத்தர் கதவு சாத்தும் நேரம் பார்த்து நான் வீட்டுக்குப் போகணுமா?" என்று நம்மைப் பார்த்துக் கேட்டார். இது வீம்பு என்று உறவினர் சிலர் பேசினார்கள். நம் கருத்து அதுவன்று. வீடு தேடித் தருகிறவர், யாருக்காகத் தேடுகிறோமோ அவர் மனத்தை முதலில் கேட்க வேண்டும். தனக்கு வசதியான இடத்தில் அவரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு "செய்துவிட்டேன்" என்று சொல்லக் கூடாது.

முதலில் பார்த்த வீட்டுக்கு வாடகை குறைவு. ஆனால் லிப்ட் இல்லாத மலிவு விலை அடுக்குமாடியில் நான்காம் மாடி. பெரியவருக்கு முழங்கால் வலி. படி ஏறி இறங்க முடியாமல் ஒரு மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தால் அந்த மலிவினால் என்ன பயன்? இன்னொரு வீடு தரைவீடுதான். பஸ் போகாத இடம். அரசாங்கக் கிளினிக்கில் சீட்டுக்கு 1 வெள்ளி. அங்கே போய்வரக் காருக்கு 30 வெள்ளி என்றார்கள். வாடகையைத் தனியாகப் பார்க்காதீர்கள் தோழர்களே. மருந்துக்குப் போகும் செலவையும் பள்ளிக்குப் போகும் செலவையும் அதோடு கூட்டிப் பாருங்கள்; மலிவு வீடு எது என்பது அப்போதுதான் தெரியும்.

மூன்றாவது வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினோம். "இந்தியரா?" என்று கேட்டார். ஆம் என்றோம். வீடு போய்விட்டது என்றார். அடுத்த வாரமும் அந்த விளம்பரம் அப்படியே நின்றது. இது நம் எல்லாருக்கும் தெரிந்த கதை. இந்தியருக்கு இல்லை என்று வெளிப்படையாகவே போட்ட விளம்பரங்களும் உண்டு. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: நான்காவதாக மறுத்தவர் நம்மவரே! "தோட்டத்து ஆள் என்றால் தண்ணி போட்டுச் சத்தம் போடுவார்கள்" என்றார், நெற்றி நிறைய விபூதியோடு. பெரியவர் கள்ளைக்கூடத் தொட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் ஆபீசில் இருக்கும் நாம் செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தோம். இவர் இந்தத் தோட்டத்தில் இத்தனை ஆண்டு வேலை செய்தார், இந்த எண் வீட்டில் குடியிருந்தார், அவர்மீது புகார் ஏதும் இல்லை என்று மலாய் மொழியில் ஒரு கடிதம் தட்டச்சு செய்து, நிர்வாகியிடம் கையெழுத்து வாங்கினோம். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் சேமநிதிக் கணக்கு அறிக்கையும் அதோடு சேர்த்தோம். ஐந்தாவது வீட்டின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற ஒரு மலாய் ஆசிரியை. கடிதத்தை இரண்டு முறை படித்தார்; பெரியவரை உட்காரச் சொன்னார்; எந்த ஊர்த் தோட்டம், எந்த வயதில் வேலைக்கு வந்தீர்கள் என்று பேச்சுக் கொடுத்தார். 500 வெள்ளி வாடகைக்கு வீடு முடிந்தது. பின்புறத்தில் கொஞ்சம் மண் தரையும் இருக்கிறது. மாமி கறிவேப்பிலைக் கன்றைப் பிடுங்கிக்கொண்டு போனார். கோழிகளைத்தான் கொண்டுபோக முடியவில்லை. அந்தத் தாமானில் அனுமதி இல்லை.

கிராணிமார்களே! அந்தக் கடிதத்துக்கு நமக்குச் செலவான நேரம் அரை மணி. தொழிலாளி தானாக வந்து கேட்க மாட்டார். ஆபீஸ் படியில் செருப்பைக் கழற்றிப் பழகிய தலைமுறை அது. நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அரசாங்க வீடு பற்றி எல்லாரும் கேட்கிறீர்கள். பிபிஆர் என்னும் மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் வாடகை நீண்ட காலமாக மாதம் 124 வெள்ளி. மூன்று அறைகள் உண்டு. நம் ஆள் ஒருவருக்குக் கிடைத்தால் பெரும் பாக்கியம். அதனால்தான் வரிசையும் நீளம். விண்ணப்பிப்பவர் குடிமகனாக இருக்க வேண்டும். சொந்த வீடு இருக்கக் கூடாது. வருமான வரம்பு உண்டு, அதற்குக் கணவன் மனைவி இருவர் சம்பளத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். கோலாலம்பூர் மாநகராண்மைக் கழகத்தின் வீடுகள் அங்கே குடியிருப்போருக்கும் வேலை செய்வோருக்கும் உரியவை; தோட்டத்தில் இருந்துகொண்டு அங்கே மனுப்போட்டுக் காத்திருப்பதில் பயனில்லை, அவரவர் மாநிலத்தில் போட வேண்டும். சிலாங்கூரில் மாநில அரசு நடத்தும் 'ஸ்மார்ட் சேவா' வாடகைத் திட்டத்தையும் விசாரியுங்கள். மனுவை ஓய்வு பெற்ற பிறகு போடுவது, மழை வந்தபின் கூரை வேய்வது போல. இரண்டு ஆண்டு முன்னதாகவே போடுங்கள். உடல்நிலை காரணத்தைக் குறிப்பிட்டுக் கீழ்மாடியும் கேளுங்கள்.

ஒரு மோசடியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். 124 வெள்ளிக்கு அரசாங்க வீட்டைப் பெற்றவர் அதைப் பல மடங்கு வாடகைக்கு வேறொருவருக்கு விடுவது உண்டு. அது அனுமதிக்கப்படாதது. அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் சாமான்களோடு வெளியே நிற்கப் போவது உங்கள் சித்தப்பாதான். கொடுத்த டெபாசிட்டுக்கு ரசீது கேட்கவும் வழியில்லை. அவ்வாறே முகவர் என்று வருகிறவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். வீட்டைக் காட்டுமுன் "புக்கிங்" பணத்தைத் தன் சொந்தக் கணக்கில் போடச் சொன்னால், அவருக்கு வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். "நல்ல மனிதர், வாய் வார்த்தை போதும்" என்பார்கள். அந்த நல்ல மனிதர் இறந்துபோனால் அவர் மகன் யாரோ! புக்கிட் கியாரா தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபின் 1980-களின் தொடக்கத்தில் அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்களை தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பகுதியில் நீள வீடுகளில் வைத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். நாற்பது ஆண்டு ஓடியது. அங்கே எழுப்ப இருந்த அடுக்குமாடித் திட்டத்தின் அனுமதி செல்லாது என்ற தீர்ப்பைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உறுதி செய்தபோதும், அக்குடும்பங்கள் நிலையான வீட்டுக்குக் காத்திருந்தன. அது வாடகை வழக்கன்று என்பது நமக்குத் தெரியும். ஆயினும், நாள் குறிக்காத வாக்கு எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே எழுதி வாங்குங்கள். வாடகை எவ்வளவு, எந்தத் தேதி வரை, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும், பழுதுக்கு யார் பொறுப்பு. இவை தெளிவாக இருக்கட்டும். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். முன்பு ஆண்டு வாடகையில் முதல் 2,400 வெள்ளிக்கு விலக்கு இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது இல்லை. ஓராண்டு ஒப்பந்தமானால் ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும் 1 வெள்ளி. 500 வெள்ளி வீட்டுக்கு 24 வெள்ளிதான். முத்திரை இல்லாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. 24 வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் 1,250 வெள்ளி டெபாசிட்டை இழக்காதீர்கள். சாவி வாங்கும் அன்றே சுவர், கூரை, குழாய் எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுங்கள். மின்சார மீட்டரையும் படம் எடுங்கள். பழைய குடித்தனக்காரரின் பாக்கி நம் தலையில் விழாது.

வாடகை பாக்கி விழுந்தாலும் வீட்டுக்காரர் தாமே பூட்டை மாற்றவோ சாமானை வெளியே எறியவோ முடியாது. தவணை முடிந்தபின்னும் நீதிமன்ற உத்தரவின்றிக் குடியிருப்பவரை வெளியேற்றக் கூடாது என்று 1950-ஆம் ஆண்டின் தனி நிவாரணச் சட்டம் 7-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பாக்கிக்காக நீதிமன்றத்தின் வழியே சாமானை ஜப்தி செய்ய அவருக்கும் 1951-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் யார் பெயர் என்பதில்தான் குடும்பத்தில் சண்டை வரும். மருமகன் தன் பெயரில் கையெழுத்திட்டால் வாடகை பாக்கிக்கு மருமகன்தான் பதில் சொல்ல வேண்டும். தெரிந்து செய்தால் சரி. நம் எண்ணம், முடிந்தவரை பெரியவர் பெயரிலேயே இருக்கட்டும் என்பதுதான். வாழ்நாள் முழுவதும் நிர்வாகத்தின் வீட்டில் இருந்தவர். அந்த ஒரு தாளிலாவது வீட்டுக்கு நேரே தம் பெயரைப் பார்க்கட்டுமே!

இனி நம் கிளை செய்யப் போவது. அடுத்த இரண்டு ஆண்டுக்குள் 60 வயது நிறைகிறவர்களின் பட்டியலை ஆபீசில் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மாரியம்மன் கோயில் பக்கத்து மண்டபத்தில் மனுப் பாரங்களை நிரப்பித் தருவோம். அடையாள அட்டை, திருமணப் பத்திரம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை ஆகியவற்றோடு வாருங்கள். பெரியவர்கள் தனியாக வர வேண்டாம்; மகனோ மருமகனோ ஒருவர் கூட வரவேண்டும். வீட்டை எத்தனை நாளில் ஒப்படைக்க வேண்டும் என்பதை வேலை ஒப்பந்தத்தில் பார்த்து அங்கேயே ஒவ்வொருவருக்கும் எழுதித் தருகிறோம். பின்வரிசைத் தோழருக்கு முதல் நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம்.