வீடு வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நான் வழக்கறிஞர் அல்ல. பி.காம். முடித்து வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, பல வருடம் வீட்டுக்கடன் மேசையில் பத்திரங்களைப் புரட்டியவன், அவ்வளவுதான். நம் குடியிருப்பிலேயே இப்போது சில வீடுகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் மனை பார்ப்பவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். அதனால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

எல்லாரும் முதலில் சொல்வது இதுதான்: "சார், வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லை. அட்வான்ஸ் கொடுத்திடலாமா?" கொஞ்சம் பொறுங்கள். வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களின் பட்டியல். பதிவாகாதது அதில் வராது. அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கினால் அதைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல்தான் வந்தது. அதற்கு முன் வைத்த அடமானம் வில்லங்கத்தில் தெரியாமலே கிடக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர், பணி ஓய்வில் வந்த தொகையை வைத்து வீடு வாங்கினார். வில்லங்கம் சுத்தமாக இருந்தது. விற்றவர் கொடுத்தது நகல் மட்டும். "அசல் ஊரில் லாக்கரில் இருக்கு, அடுத்த வாரம் தருகிறேன்" என்றாராம். அசல் இருந்தது ஒரு வங்கியில். பதிவு முடிந்து சில மாதத்தில் வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கடன் விற்றவருடையது, ஆனால் அடமானம் சொத்தோடுதான் போகும். அந்த அம்மா நகைகளை விற்றுக் கடனை அடைத்து வீட்டை மீட்டார். விற்றவர் மேல் போட்ட வழக்கு வேறு தனியாக நடந்தது.

ஆகவே அசலைக் கண்ணால் பாருங்கள். தாய்ப்பத்திரம் முதல் இன்றுவரை ஒவ்வொன்றும் அசலாக இருக்க வேண்டும். "தொலைந்துவிட்டது" என்றால் காவல்துறைச் சான்றும் பத்திரிகை விளம்பரமும் கேளுங்கள். 2011 முதல் செர்சாய் என்ற மத்தியப் பதிவகம் இயங்குகிறது. சிறு கட்டணம் கட்டி, சொத்தின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று யாரும் தேடலாம். இதைச் செய்கிறவர்கள் குறைவு.

இங்கிலாந்தில் வீடு வாங்கிய பிள்ளைகள், "அங்கே இவ்வளவு தலைவலி இல்லையே" என்பார்கள். அங்கே நிலப் பதிவகத்தில் பெயர் ஏறினால் உரிமைக்கு அரசே உத்தரவாதம். பதிவேட்டில் தவறு நேர்ந்து நஷ்டம் வந்தால் ஈடு உண்டு. இங்கே பதிவு என்பது ஆவணத்துக்குத்தான், உரிமைக்கு அல்ல. பதிவுச் சட்டப்படி விற்பவரின் உரிமையை ஆராய்வது சார்பதிவாளர் வேலை இல்லை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே ஒரு தமிழ்நாட்டு வழக்கில் சொன்னது. "ரிஜிஸ்டர் ஆயிடுச்சே" என்று நிம்மதியாகத் தூங்க முடியாது. பட்டாவும் அப்படியே, அது மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது.

அடுத்தது வாரிசு விஷயம். அப்பா பெயரில் இருந்த சொத்தைப் பிள்ளைகள் விற்கிறார்கள் என்றால், பெண் பிள்ளைகள் கையெழுத்து இருக்கிறதா என்று இப்போது எல்லாரும் பார்க்கிறார்கள். நல்லது. ஆனால் இறந்தவரின் தாயாரை மறந்துவிடுகிறார்கள்! இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஆண் ஒருவர் இறந்தால் மனைவி, மக்களோடு தாயாருக்கும் சம பங்கு. அந்தப் பாட்டி பிறகு காலமானால் அவர் பங்கு அவருடைய மற்ற மகன்கள், மகள்களுக்கும் போகும். பத்து வருடம் கழித்து ஓர் அத்தை வந்து கேட்டால் ஆச்சரியப்படக் கூடாது.

பவர் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு முழுப் பணம் கொடுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கிரயப் பத்திரம் பதிவானால்தான் சொத்து மாறும் என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் முடிந்தது.

நம் ஊர் கோயில் ஊர். விருத்தகிரீஸ்வரர் கோயில் மட்டுமல்ல, சுற்றுக் கிராமங்களிலும் கோயில் நிலம் உண்டு. மனை வாங்குபவர்கள் சர்வே எண்ணை வைத்து அறநிலையத் துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் இல்லாத மனை என்றால் 2016 அக்டோபர் 20 என்ற தேதியை மனதில் வையுங்கள். வரன்முறைக்கு அதுதான் கோடு.

அடுக்குமாடி வீட்டில் எல்லாரும் சதுர அடி கேட்கிறார்கள், டைல்ஸ் பார்க்கிறார்கள். பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு என்று கேட்பதில்லை. நாளை கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும்போது உங்கள் கையில் இருப்பது அந்த மண் பங்குதான். எல்லா வீடுகளின் பங்கையும் கூட்டினால் மொத்த மனை அளவுக்குள் வருகிறதா என்று பாருங்கள். கூடினால் யாரோ ஒருவருக்கு இல்லாத நிலத்தை விற்றிருக்கிறார்கள்.

பணம் கொடுப்பது பற்றி ஒன்று. அட்வான்ஸை 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. காசோலையிலோ வங்கிப் பரிமாற்றத்திலோ கொடுங்கள். ஒப்பந்தத்தையும் பதிவு செய்யுங்கள். கிரயச் செலவாக முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கட்டி முதல் முறை விற்கும் அடுக்குமாடி வீட்டுக்கு விகிதம் வேறு.

நம் குடியிருப்பில் வாங்குபவர்கள், பராமரிப்புப் பாக்கி இல்லை என்ற கடிதத்தைச் செயலாளரிடம் கேட்டு வாங்கிய பிறகு பதிவுக்குப் போங்கள். கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்கலாம். பத்திரம் கொண்டு வந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள், உட்கார்ந்து பார்த்துவிடுவோம்.