களைப்பெல்லாம் முதுமையன்று

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இன்று விழா நாள். சிறுவர் சிறுமியர் அரிதாரம் பூசிக்கொண்டு திரைக்குப் பின்னால் காத்திருக்கின்றனர். இவ்வேளையில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று நாம் தயங்கினோம். ஆயினும், ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துவந்து இத்தில்லி மாநகரில் உடன் வைத்துக் காக்கும் குடும்பங்கள் ஒருங்கே கூடும் நாள் ஆண்டில் இஃதொன்றே. ஆதலின் சொல்லத் துணிந்தோம்.

நாம் அறிந்த பெரியவர் ஒருவர், வயது 72. கிருத்திகைதோறும் இராமகிருஷ்ணபுரத்து மலைமந்திரின் படிகளை நில்லாமல் ஏறி முருகனை வழிபடுவது அவர் வழக்கம். ஒரு மார்கழியில் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கி அமர்ந்துவிட்டார். "தில்லிக் குளிர் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்றார் மகன். "வயதாகிறது அல்லவா?" என்றார் மருமகள். அம்மையாரோ முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் நாள்தோறும் தந்தார். பெரியவர் மட்டும் வேறொன்று எண்ணினார். ஓராண்டாக அவர் புராஸ்டேட் புற்றுநோய்க்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். அந்த ஊசியே தம் இரத்தத்தைக் குடிக்கிறது என்று முடிவு செய்தார். அடுத்த தவணைக்கு மருத்துவமனை செல்வதாகக் கூறிப் புறப்பட்டவர், பூங்காவில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினார். ஒருவரிடமும் சொல்லவில்லை.

அவர் எண்ணியதில் பாதி உண்மை. மறு பாதி பெரும் பிழை. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

புராஸ்டேட் என்பது ஆடவர்க்குச் சிறுநீர்ப்பையின் அடியில் அமைந்த சிறு சுரப்பி. அங்குத் தோன்றும் புற்றுநோய், டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனை உரமாகக் கொண்டு வளர்வது. அந்த ஹார்மோனைக் குறைத்தால் நோய் ஒடுங்கும் என்பதை 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்னும் அறிஞர் நிறுவினார். அதற்காக 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். அக்காலத்தில் விரைகளை அகற்றும் அறுவையே பெரிதும் வழியாக இருந்தது. இன்றும் பலர் அதனைத் தேர்கின்றனர். ஒருமுறைச் செலவோடு முடிகிறது. ஏனையோர்க்கு லியூப்ரோலைடு, கோசெரெலின் போன்ற ஊசிகள் உள்ளன. வழி எதுவாயினும் விளைவு ஒன்றே: உடலில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைகிறது.

இனி, இரத்தத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு? நம் எலும்பு மஜ்ஜை, நொடிக்கு 20 இலட்சத்திற்கும் மேலான சிவப்பணுக்களை ஆக்கிக்கொண்டே இருக்கிறது. "ஆக்குக" என்று அதற்கு ஆணையிடுவது, சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்ட்டின். டெஸ்டோஸ்டிரோன் அவ்வாணைக்கு வலுவூட்டுவது. மஜ்ஜையையும் நேரே தூண்டுவது. ஆடவர்க்குப் பெண்டிரினும் ஹீமோகுளோபின் சற்று மிகுந்திருப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். உலக சுகாதார நிறுவனமும் பெண்டிர்க்கு 12 கிராமுக்கும், ஆடவர்க்கு 13 கிராமுக்கும் கீழே சென்றால் சோகை என்று வரையறுத்துள்ளது. தூண்டும் கை தளர்ந்தால் ஆக்கமும் தளர்வது இயல்பன்றோ? ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆதலின் ஊசி போட்ட மறுநாளே சோகை வருவதில்லை. பழைய அணுக்கள் மறைய மறைய, சில மாதங்களில் மெல்ல வருகிறது. மெல்ல வருவதனாலேயே முதுமை என்று மயங்குகிறோம்.

1997-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹார்மோனை முற்றிலும் தடுக்கும் சிகிச்சை பெற்ற 133 பேரின் இரத்தத்தைத் தொடர்ந்து நோக்கினர். அவருள் 120 பேர்க்கு ஹீமோகுளோபின் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தது. 17 பேர்க்குக் கால் பங்கோ அதற்கு மேலோ குறைந்தது. எனவே சிறிது குறைவது பெரும்பாலோர்க்கு உண்டு. துன்புறும் அளவிற்குக் குறைவது சிலர்க்கே. அச்சிலர்க்குப் படியேறினால் இளைப்பு, படபடப்பு, தலைச்சுற்றல் முதலியன தோன்றும். இதயநோய் உடையார்க்கு மார்புவலியும் வரலாம்.

இங்கே நாம் செய்யும் பிழைகள் இரண்டு.

முதற்பிழை, பெரியவர் செய்தது. களைப்புக்கு அஞ்சி ஊசியைத் தாமே நிறுத்துவது, திருடனுக்கு அஞ்சி வீட்டுக் கதவைத் திறந்து வைப்பது போலாகும். சோகை பெரும்பாலும் தாங்கக்கூடியது. கட்டவிழ்ந்த புற்றுநோய் அத்தகையதன்று.

இரண்டாம் பிழை இதற்கு நேர்மாறானது. மற்றொரு குடும்பத்தில், "ஊசியால் சோகை வரும்" என்பதை மகன் படித்து அறிந்திருந்தார். ஆதலின் தந்தை வெளுத்தபோது கலங்கவில்லை. கடையில் இரும்புச்சத்து டானிக் வாங்கித் தந்தார். மலம் கறுத்தது, டானிக்கினால் கறுத்தது என்றிருந்தனர். இரும்பு மருந்து மலத்தைக் கறுக்கச் செய்வது மெய்யே. ஆனால் அப்பெரியவர் முழங்கால் வலிக்கு நெடுநாளாக மாத்திரை விழுங்கி, வயிற்றில் புண்ணாகி, உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியபின் மருத்துவமனையில் சேர்த்து, இரத்தம் ஏற்றிக் காத்தனர்.

ஆகவே ஊசியின்மேல் பழிபோட்டுவிட்டு வாளா இருத்தலும் ஆகாது. சோகைக்குப் பிற காரணங்களும் இருக்கலாம். நோய் எலும்பு மஜ்ஜையில் பரவியிருக்கலாம். சிறுநீர் அடைபட்டுச் சிறுநீரகம் கெட்டிருக்கலாம். சிறுநீரில் இரத்தம் போகலாம். நம் வீடுகளில் சைவ உணவு உண்போர் பலர். நீரிழிவுக்கு மெட்பார்மின் உட்கொள்வோரும் பலர். இவ்விரு சாராருக்கும் வைட்டமின் பி12 குறையக்கூடும். எக்காரணம் என்பதை இரத்தச் சோதனையே சொல்லும். நம் ஊகம் சொல்லாது.

செய்ய வேண்டுவன சிலவே. சிகிச்சை தொடங்குமுன் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று குறித்து வையுங்கள். பின்னர் மருத்துவர் சொல்லும் தவணைகளில், பி.எஸ்.ஏ. சோதனையுடன் இதனையும் பார்த்து ஒரே ஏட்டில் எழுதி வாருங்கள். இரும்புச்சத்துக் குறையில்லாதவர்க்கு இரும்பு மருந்து பயன் தராது. குறை இருப்பின் மருத்துவர் அளவறிந்து தருவார். அப்போது உணவோடும் மருந்தோடும் காப்பி வேண்டா. இரும்பு உடலில் சேர்வதை அது தடுக்கும். இரத்தம் ஊற எரித்ரோபொய்ட்டின் ஊசி உண்டு எனினும், இரத்தக்கட்டு முதலிய தீங்குகள் நேரக்கூடும் என்பதால் மருத்துவர் மிக ஆராய்ந்தே அதனைக் கருதுவர். "வலிவு ஊசி" என்று யாரேனும் ஆண் ஹார்மோன் போட முன்வந்தால் இசையாதீர்கள். அது நோய்க்கே உரமாகும். இயன்ற அளவு நாள்தோறும் நடத்தல் களைப்பைக் குறைக்கும். மருத்துவரே சிகிச்சையை நிறுத்தும் காலம் வருமாயின், ஹார்மோன் மீளும்போது இரத்தமும் சில மாதங்களில் மெல்ல ஊறும்.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்நோய் உற்ற இடம் கருதி ஆடவர் கூசுகின்றனர். மகனிடமே சொல்ல நாணுகின்றனர். படியில் அமர்ந்தவரை முதலில் காண்பவர் நீங்களே. "வயதாகிவிட்டது" என்று சொல்லுமுன், "என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். ஊசிக்குச் செல்லும் நாளில் ஒருவர் உடன் செல்லுங்கள்.

நாம் முதலிற் கூறிய பெரியவரின் கதையை முடிக்க வேண்டும். பி.எஸ்.ஏ. ஏறியிருப்பது தெரிந்த பின்னரே பூங்காக் கதை வெளிவந்தது. வீட்டார் கடிந்துகொள்ளவில்லை. மருத்துவர் சோகையின் காரணத்தை அமர்ந்து விளக்கினார், ஊசி மீண்டும் தொடங்கிற்று, பி.எஸ்.ஏ. இறங்கிற்று. ஹீமோகுளோபின் 11-ஐ ஒட்டியே நிற்கிறது. அவர் இப்போதும் மலைமந்திருக்கு வருகிறார். இரண்டிடத்தில் அமர்ந்து ஏறுகிறார். பேத்தி தண்ணீர்க் குப்பியுடன் பக்கத்தில் நிற்கிறாள்.

திரை விலகக் காத்திருக்கும் குழந்தைகளை இனியும் காக்க வைத்தல் முறையன்று.