பேரனின் டிரம்மும் நம் பொங்கல் பறையும்

(நமது சங்கத்தின் அக்டோபர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"அமெரிக்கா போய் வந்தீர்களே, ஏதாவது பேசுங்கள் சார்" என்றார் செயலாளர். நயாகராவைப் பற்றி இங்கே ஏற்கெனவே மூன்று பேர் பேசிவிட்டார்கள். அதனால் டிரம் கார்ப்ஸ் பற்றிப் பேசுகிறேன். முடிவில் ஒரு மன்னிப்பும் ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

டிரம் கார்ப்ஸ் என்பது ஓர் அணிவகுப்பு வாத்தியக் குழு. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் சங்கங்கள் வளர்த்த பழக்கம், இன்று இளைஞர்களுடையதாகிவிட்டது. பித்தளை ஊதுகருவிகள், டிரம்கள், கொடி வீசி ஆடுபவர்கள் என்று ஒரு குழுவில் 150 பேர் அளவில் இருப்பார்கள். 1972-லிருந்து டிரம் கார்ப்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு கோடைக்காலப் போட்டிகளை நடத்துகிறது. 21 வயது வரைதான் இளைஞர் குழுக்களில் அனுமதி. சுமார் பன்னிரண்டு நிமிட நிகழ்ச்சி ஒன்றைத் தயார் செய்து, கோடை முழுவதும் ஊர் ஊராகப் போய் அதையே வாசிப்பார்கள். அடுத்த வருஷம் வேறு நிகழ்ச்சி.

ஒஹையோவில் இருக்கும் என் மகளின் பையனுக்கு 19 வயது. அவன் இப்படி ஒரு குழுவில் சேர்ந்துவிட்டான் என்று மகள் போனில் சொன்னபோது, பி.காம். படித்து வங்கியில் 34 வருஷம் குப்பை கொட்டிய எனக்கு முதலில் வந்த கேள்வி, சம்பளம் எவ்வளவு? சம்பளம் கிடையாதாம். நாம்தான் ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "படிக்கிற பிள்ளைக்கு எதற்குக் கொட்டடிக்கிற வேலை?" என்று கேட்டுவிட்டேன். ஸ்பீக்கரில் அவனும் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஜூன் மாதம் அங்கே போனேன். அந்தக் குழுவின் சாப்பாட்டு வண்டியில் மகள் இரண்டு வாரம் தொண்டு வேலைக்கு ஒப்புக்கொண்டிருந்தாள். "வீட்டில் தனியாக என்ன செய்யப் போகிறீர்கள் அப்பா?" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு நாளைக்கு நான்கு வேளைச் சாப்பாடு. பயிற்சியாளர்களையும் சேர்த்து ஏறக்குறைய 200 பேர். என் மனைவியைக் கேட்டால் தெரியும், வீட்டில் நான் ஒரு தட்டுகூடக் கழுவியவன் இல்லை. அங்கே வெங்காயம் நறுக்கினேன், அண்டா தேய்த்தேன்.

பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தேன். ராத்திரி போட்டி முடிந்து பஸ் ஏறினால் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு அடுத்த ஊர். ஏதாவது பள்ளிக்கூடத்து ஜிம்மில் தரையில் படுக்கை. சில மணி நேரம் தூங்கிவிட்டு வெயிலில் பயிற்சி. ஆளுக்கு ஒரு பெரிய தண்ணீர் ஜாடி. சேர்ந்து எட்டடி நடப்பதையே காலை முழுவதும் திரும்பத் திரும்பச் செய்வார்கள். மொத்தம் 100 மதிப்பெண். அதை மூன்றாவது தசம இடம் வரை கணக்குப் பார்க்கிறார்கள். வட்டிக் கணக்குப் போட்டுப் பழகிய எனக்கே அது ஆச்சரியம்.

பேரன் பேஸ் டிரம் வரிசையில் இருந்தான். அதில் ஐந்து பேர். ஒவ்வொருவர் தோளிலும் ஒரே ஒரு டிரம். ஒவ்வொன்றும் வேறு அளவு, வேறு சுருதி. வேகமாக ஓடும் ஒரு தாள வரியை ஐந்து பேரும் பங்கு போட்டு அடிப்பார்கள். மூன்றாவது டிரம் என் பேரனுடையது. அவன் பங்கு ஒரு அடியோ இரண்டு அடியோதான். இமைக்கும் நேரம் பிசகினால் வரியில் ஓட்டை விழும். பத்துப் பைசா வித்தியாசத்துக்காக ராத்திரி ஒன்பது மணி வரை பேரேட்டைப் புரட்டியவன் நான். அந்த வேலை எனக்குப் புரிந்தது.

ஒரு ராத்திரி எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, பாத்திரம் துடைக்க அவன் வந்து நின்றான். அவனுக்குப் பாதித் தமிழ்தான் வரும். "தாத்தா, கொட்டு வேலைன்னா என்ன? அம்மா சொல்ல மாட்டேங்கறா" என்றான்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. கும்பகோணம் பக்கத்தில் எங்கள் கிராமத்தைப் பற்றிச் சொன்னேன். எனக்கு எட்டு வயதில் என் தாத்தா இறந்தார். பறை அடிப்பவர்கள் காலையிலிருந்து தெருமுனையில் நின்று அடித்தார்கள். வாசலுக்கு வர அவர்களுக்கு அனுமதி இல்லை. கொட்டாங்கச்சியில் காப்பி ஊற்றினார்கள். அந்தத் தாளத்தைத் திண்ணையில் விரலால் தட்டிய எனக்கு முதுகில் ஓர் அடி விழுந்தது. "அது நம்ம வேலை இல்லை" என்றார்கள். அந்த வார்த்தைதான் அன்று போனில் என் வாயில் வந்தது என்றேன்.

அவன் திட்டுவான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவங்க நல்லா வாசிச்சாங்களா தாத்தா?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. வாழ்நாளில் எத்தனையோ சாவுகளில் அந்த வாத்தியத்தைக் கேட்டிருக்கிறேன். நன்றாக வாசித்தார்களா என்று ஒரு தடவைகூடக் காது கொடுத்ததில்லை.

ஆகஸ்டில் இண்டியானாபோலிஸ் நகரில் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் கடைசிப் போட்டிகள். சனிக்கிழமை இறுதிச் சுற்றுக்குப் பன்னிரண்டு குழுக்கள்தான் போகும். எங்கள் குழுவுக்கு இடம் கிடைக்கவில்லை, வெள்ளிக்கிழமையோடு சரி. வயது வரம்பு முடிந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஆனால் அன்று அந்த ஐந்து டிரம் ஓட்டத்தில் மூன்றாவது அடி எனக்குத் தனியாகக் கேட்டது. சரியாக விழுந்தது. இரண்டு வாரப் பழக்கத்தில் என் காதும் கொஞ்சம் தேறியிருந்தது.

இப்போது மன்னிப்பு. இரண்டு வருஷம் முன்பு, பொங்கல் விழாவுக்குப் பறையாட்டக் குழுவை அழைக்கலாம் என்று பி பிளாக்கைச் சேர்ந்த ஒரு பெண் கமிட்டியில் கேட்டார். "அது சாவு மேளம், நல்ல நாளில் வேண்டாம், செண்டை மேளம் வைக்கலாம்" என்று எழுந்து சொன்னவன் நான். மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. சாவுக்கு அடித்தால் தீட்டு என்றால், சாவுக்கு மந்திரம் சொல்பவரை நாம் கல்யாணத்துக்குக் கூப்பிடாமலா இருக்கிறோம்? அதற்குப் பிறகு அந்தப் பெண் கூட்டத்துக்கு வருவதில்லை. அவர் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லப் போகிறேன். ஆனால் நான் பேசியது எல்லோர் முன்னாலும். மன்னிப்பும் எல்லோர் முன்னாலும்தான் இருக்க வேண்டும். அதனால்தான் இந்த உரையைச் செய்திமடலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

கோரிக்கை இதுதான். வரும் பொங்கலுக்கு அவர் சொன்ன குழுவையே அழைப்போம். செண்டைக் குழுவுக்குக் கொடுக்கும் அதே தொகையை, பேரம் பேசாமல் கொடுப்போம். அவர்களுக்குத் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுக்க வேண்டாம். நம்மோடு ஒரே பந்தியில் உட்காரட்டும். அன்று பரிமாறும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். 200 பேர் என்றாலும் இப்போது எனக்குப் பழக்கம்தான்.

அவர்கள் வாசிக்கும்போது நீங்களும் முன்வரிசைக்கு வந்து கேளுங்கள். நன்றாக வாசித்தார்களா என்று பேரனுக்கு நான் பதில் எழுத வேண்டும்.