தாதிமைக்கு வயது தடையன்று
(குடும்ப நாள் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

30 ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் நான். ஒலிவாங்கி கையில் கிடைத்தால் மணி அடிக்கும்வரை பேசுவது என் பழக்கம். இன்று சுருக்கமாகவே பேசுகிறேன். வேறு வேலையில் இருக்கும் நம் பிள்ளை, அதை விட்டுவிட்டுத் தாதியாகப் போகிறேன் என்றால் நாம் என்ன செய்யவேண்டும்?

இக்கேள்வி என் வீட்டு வாசலுக்கே வந்தது. என் பழைய மாணவர் ஒருவருக்கு வயது 28. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. அவர் தாதிமை படிக்க விரும்பினார். அவருடைய தந்தை என்னிடம் வந்து, "சார், நீங்கள் சொன்னால் கேட்பான். படித்த படிப்பெல்லாம் வீணாகப் போகிறது. ஆண்பிள்ளை செய்கிற வேலையா இது? நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று வருந்தினார்.

அவருக்குக் கூறியதையே உங்களுக்கும் கூறுகிறேன். திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளைப் பாருங்கள். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாக வள்ளுவர் வகுத்தார். கவனிப்பவரை மருத்துவரோடு ஒரே வரிசையில் வைத்தார். அவரைக் குறிக்க ஆண்பாற் சொல்லையே ஆண்டார். ஆகவே, இது ஆண்பிள்ளைக்கு ஆகாத வேலை என்று நாம் எப்படிச் சொல்வது?

வயதைப் பற்றியும் தயங்க வேண்டாம். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் வீட்டாரின் எதிர்ப்பைத் தாண்டி 1851-இல் ஜெர்மனியில் தாதிமைப் பயிற்சி பெற்றபோது அவருக்கு வயது 31. நம் சிங்கப்பூரில் 1885 ஆகஸ்ட் 1-ஆம் நாள் பொது மருத்துவமனையில் தாதிமைப் பணியைத் தொடங்கியவர்கள் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள். விக்டோரியா ஸ்திரீட்டில் பள்ளியும் ஆதரவற்றோர் இல்லமும் நடத்திவந்த கன்னிமாடத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். அந்நாளையே நாம் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

இன்று துறை மாறி வருவோருக்கென்றே தொழில் மாற்றுத் திட்டம் உள்ளது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் வழக்கமாக 3 ஆண்டுகள் படிக்கும் தாதிமைப் பட்டயத்தை, இவர்கள் 2 ஆண்டுகளில் முடிக்கலாம். கட்டணத்திற்கு ஆதரவும் மாதந்தோறும் உதவித்தொகையும் உண்டு. படித்து முடித்தபின் ஆதரவளித்த நிறுவனத்தில் குறிப்பிட்ட காலம் பணிபுரிய வேண்டும். கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தை முழுமையாகப் படியுங்கள்.

இளைஞர்களே, ஆர்வம் மட்டும் போதாது. என் மாணவரிடம், "முதலில் ஒரு தாதிமை இல்லத்திற்குத் தொண்டூழியராகப் போய்ப் பார்" என்றேன். சில மாதங்கள் வார இறுதிகளில் சென்றார். முதியவர்களுக்கு உணவூட்டினார், அவர்களின் கோபத்தையும் தாங்கினார். அதன் பிறகும் மனம் மாறவில்லை. பிறகுதான் வேலையை விட்டார். அவர் இன்று பதிவுபெற்ற தாதி.

அவருடைய பழைய படிப்பு வீணாயிற்றா? இல்லை. மருந்து கொடுக்குமுன் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என ஐந்தையும் சரிபார்க்க வேண்டும். "சார், எண்களை இருமுறை பார்க்கும் பழக்கம் கணக்குப் பிரிவில் வந்தது" என்று அவரே என்னிடம் சொன்னார்.

பெற்றோர்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. படிக்கும் காலத்தில் வருமானம் குறையலாம். வீட்டுச் செலவை அதற்கேற்பத் திட்டமிடுங்கள். தீபாவளியன்றும் பிள்ளைக்கு வேலை இருக்கலாம், முகம் சுளிக்காதீர்கள். இரவு வேலை முடிந்து வந்து பகலில் உறங்குபவரை எழுப்பாதீர்கள். தாதியின் வீட்டார் செய்யும் தொண்டு அதுதான்.

2030-ஆம் ஆண்டளவில் நம் குடிமக்களில் 4 பேரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்று அரசாங்கம் கணித்துள்ளது. அந்த வரிசையில் நானும் இருப்பேன். உங்களில் பலரும் இருப்பீர்கள். நம் கட்டிலருகே வந்து, "ஐயா, வலி எப்படி இருக்கிறது?" என்று தமிழில் கேட்க ஒருவர் வேண்டுமென்றால், இன்று அந்தப் பிள்ளையை நாம் தடுக்கக்கூடாது.