ஊசியும் நூலும் வீட்டில் இருக்கட்டும்

(சபையின் பெண்கள் ஐக்கிய சங்க மாதக் கூட்டத்தில், மருத்துவமனைத் தையல் அறையில் பணிபுரியும் சகோதரிகள் ஆற்றிய உரை)



மருத்துவமனையிலிருந்து உங்களிடம் பேச வருகிறவர்கள் வழக்கமாக டாக்டர்களும் நர்சுகளுமே. இம்முறை தையல் அறையில் இருக்கும் எங்களை அழைத்திருக்கிறீர்கள். நோயைக் குறித்தும் மருந்தைக் குறித்தும் பேச எங்களுக்குத் தெரியாது. பகலில் நாங்கள் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தைக்கிறவர்கள். மாலையில் வீடு திரும்பியதும், அடுப்படிக்கும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் நடுவே எங்கள் குடும்பத்துக்குத் தைக்கிறவர்கள். ஆகவே எங்களுக்குத் தெரிந்த ஒன்றைக் குறித்தே பேசுகிறோம்: வீட்டில் உட்கார்ந்து தைப்பதில் இருக்கும் சந்தோஷம்.

"கடையில் ரெடிமேட் கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு?" என்று பலர் எங்களைக் கேட்கிறார்கள். பணத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். துணி, லைனிங், நூல், பொத்தான் எல்லாம் வாங்கி, நான்கு மாலைகளைச் செலவிட்டு ஒரு ஃபிராக் தைத்தால், பெரிய லாபம் ஒன்றும் கையில் நிற்காது. அதனால்தான் எத்தனையோ வீடுகளில் மிதி மிஷின் மூடிக் கிடக்கிறது. அதன்மேல் பழைய பேப்பர் அடுக்கியிருக்கிறது. அதை ஓட்டத் தெரிந்த பாட்டிக்கோ கண் மங்கிவிட்டது. பாட்டி போய்விட்டால் அந்தக் கைவேலையும் அவரோடு போய்விடும். ஆகையால், அதை விட்டுவிடுவதற்குமுன் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது. மூன்று காரியங்களைச் சொல்லுகிறோம்.

முதலாவது, தையல் காத்திருக்கும்.

குடும்பத்தில் இருக்கிற பெண்ணுக்கு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பதில்லை. பால் பொங்கும், குழந்தை அழும், மாமனாருக்கு மாத்திரை கொடுக்கவேண்டும், தண்ணீர் வந்துவிடும். அடுப்பில் வைத்தது காத்திராது. ஊசியோ அப்படியல்ல. பாதித் தையலில் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வரும்போது விட்ட இடம் விட்டபடியே இருக்கும். ஒரு பாவாடைக்கு ஹெம்மிங் அடிக்கத் திங்கள் பத்து நிமிஷம், புதன் கால்மணி நேரம், சனிக்கிழமை ராத்திரி மீதி என்று முடித்தவர்கள் எங்களில் உண்டு. குரோஷேயும் அப்படித்தான், வயர் கூடையும் அப்படித்தான். நெல்லிக்காய் முடிச்சில் நான்கு வரிசை போட்டுவிட்டு எழுந்தால், அந்த நான்கு வரிசை நாளைக்கும் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. நாம் சமைத்ததைச் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். துவைத்தது அழுக்காகிறது. பெருக்கின வாசலில் மத்தியானத்துக்குள் மறுபடியும் தூசி. நாள் முழுவதும் பிரயாசப்பட்டும் ராத்திரியில் காட்டுவதற்கு ஒன்றும் மீந்திருக்காது. தைத்தது மட்டும் தங்கும். பழைய சேலைகளைக் கிழித்துச் சடைபோல் பின்னித் தைத்த கால்மிதி, சமையலறையில் சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணி, காய்கறி வாங்கப் போகும் துணிப்பை ஆகிய இவை மாதக்கணக்கில் கண்முன் இருக்கும். 2019 ஜனவரி 1 முதல் நம் தமிழக அரசு ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. கிழிந்த வேஷ்டியிலும் பழைய ஜன்னல் திரையிலும் பை தைத்துவந்த வீடுகளுக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

இரண்டாவது, தையல் வீட்டாரைக் கிட்டச் சேர்க்கும்.

கண் துணியில் இருக்கும்போது காது சும்மாதான் இருக்கிறது. இதைப் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். எங்களில் ஒருவருடைய மகன், பத்தாம் வகுப்புப் படிக்கிறவன், சாப்பாட்டு வேளையில் எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா" என்பான். ஒருநாள் திரைச்சீலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மிஷினண்டை நின்றான். துணியை நகர்த்திக்கொண்டே, "கணக்குப் பரீட்சையை நினைச்சா ராத்திரி தூக்கம் வரல்லம்மா" என்றான். தாய் நிமிர்ந்து பார்க்கவில்லை. "சொல்லு ராசா" என்று மட்டும் சொல்லி மெள்ள மிதித்துக்கொண்டிருந்தார். திரைச்சீலை தைத்து முடிவதற்குள் அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். எதிரே உட்காரவைத்து விசாரித்திருந்தால் அத்தனையும் வந்திருக்காது.

பாட்டிக்கும் பேத்திக்கும் அப்படியே. பாட்டியின் கண்ணுக்கு ஊசிக்காது தெரியாது. பேத்தியின் கைக்குத் தையல் தெரியாது. ஒருத்தி நூல் கோத்துக் கொடுக்க, மற்றவள் ஓட்டுத் தையலும் சங்கிலித் தையலும் சொல்லிக்கொடுக்க, இருவருக்கும் ஒரு வேலை கிடைக்கிறது. பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும்போது முதல் பாடம் இதுவாக இருக்கட்டும்: ஊசியை எண்ணி எடு, எண்ணி வை. விளக்கு வைத்தபின் ஊசி இரவல் கொடுக்கமாட்டோம் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை நாம் நம்பவேண்டியதில்லை. ஆனாலும் மங்கிய வெளிச்சத்தில் விழுந்த ஊசி குழந்தையின் காலில்தான் அகப்படும் என்பது உண்மை.

இதைப் பெண்பிள்ளைகளுக்கு மாத்திரம் உரிய வேலையாக நினைக்கவும் வேண்டாம். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் புருஷனும் மனைவியுமாகக் கூடாரம் பண்ணும் தொழில் செய்தார்கள். பவுலும் அவர்களோடு தங்கி அதே தொழிலைச் செய்தார். தன் சட்டைப் பொத்தானைத் தானே தைத்துக்கொள்ளத் தெரிந்த மகனை வளர்த்தால், நாளைக்கு வரும் மருமகள் நம்மை வாழ்த்துவாள்.

அன்னாளை நினைத்துப் பாருங்கள். சீலோவில் விட்டுவந்த சாமுவேலுக்காக அவள் வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போனாள். பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று பார்க்காமலே அளவெடுத்திருப்பாள். நம் வீடுகளிலும் பள்ளிக்கூடப் பாவாடையில் இரண்டு டக் பிடித்துத் தைப்பார்கள். வருஷம் பிறந்ததும் ஒரு டக்கை அவிழ்த்து இறக்குவார்கள். அவிழ்த்த இடத்தில் நிறம் சற்றுக் கருத்துத் தெரியும்; அந்தக் கோடுதான் பிள்ளை வளர்ந்ததற்குச் சாட்சி.

மிஷினைக் குறித்தும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஐசக் சிங்கர் தம்முடைய தையல் மிஷினுக்கு 1851-இல் காப்புரிமை பெற்றார். இயந்திரங்களைக் குறித்துக் கடுமையாகப் பேசிவந்த காந்தியடிகள், 1924-இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் கேட்டபோது, சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துத் தைத்து அலுத்துப்போவதைக் கண்ட ஒரு புருஷனின் அன்பில் பிறந்தது அது என்பது அவர் சொன்ன காரணம். கேள்வி கேட்ட அந்த இளைஞர்தாம், பிற்பாடு 1947-இல், டாக்டர் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். வீட்டில் மூடிக் கிடக்கும் மிஷினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெல்ட்டை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஓடும்.

மூன்றாவது, தையல் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும்.

கன்னியாகுமரி மாவட்டத்துச் சகோதரிகள் இந்தச் சரித்திரத்தை அறிவார்கள். லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியர் 1819-ஆம் ஆண்டின் கடைசியில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். திண்டு போன்ற தலையணையில் புள்ளியிட்ட காகிதத்தை வைத்து, குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுகிற நுட்பமான வேலை அது. அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்தது; 1855-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. லேஸ் வேலையில் சம்பாதித்த காசைச் சேர்த்து, தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கிய பெண்கள் இருந்தார்கள் என்று மிஷன் சரித்திரங்கள் கூறுகின்றன. மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து, திருநெல்வேலிச் சீமையிலுள்ள இடையன்குடிக்குச் சென்று, அங்கும் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பையும் லேஸ் வேலையையும் கற்றுக்கொடுத்தார். தாய் மகளுக்குக் கற்றுத்தந்த வேலை, இப்படி ஊர்விட்டு ஊர் போயிற்று.

எங்கள் தையல் அறையில் நாங்கள் காண்பது அவ்வளவு பெரிய சரித்திரம் அல்ல. நாங்கள் அதிகமாகக் காண்பது ஒரு சின்னத் தொப்பி.

37 வாரம் நிறையுமுன் பிறந்த குழந்தைகளும், இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளும் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாமல் சீக்கிரம் குளிர்ந்துபோகும். குழந்தையின் உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது. சூடு அதன் வழியாய்ப் போய்விடும். 1978-இல் தென் அமெரிக்காவின் பொகோட்டா நகரில் டாக்டர் எட்கார் ரே என்பவர், இப்படிப்பட்ட குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என்று இதைச் சொல்வார்கள். இதைப் பிறந்த உடனேயே தொடங்கி, நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்திருக்கிறது. இதற்கு வேண்டியது ஒரு தாய், சேர்த்துக் கட்ட ஒரு துணி, குழந்தையின் தலைக்கு ஒரு தொப்பி. துணியும் தொப்பியும் எந்த வீட்டிலும் தைக்கக்கூடியவை.

ஒரு பாட்டியை நாங்கள் மறப்பதில்லை. மகளுக்கு எட்டாம் மாதத்தில் பிரசவமாகி, குழந்தை உள்ளே இருந்தது. தாய்க்கு மட்டும்தான் உள்ளே அனுமதி. பாட்டி மூன்று நாள் வராந்தா பெஞ்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்திருந்தார். நான்காம் நாள் நாங்கள் பனியன் துணியும் ஊசியும் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதே தாயி" என்றார்.

"நாங்க நூல் கோத்துத் தாறோம் பாட்டி" என்றோம்.

முதல் தொப்பி பேரனுக்கு. அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கு ஒன்று, அதற்கடுத்த குழந்தைக்கு ஒன்று என்று தைத்துக்கொண்டே இருந்தார். பேரன் சில வாரங்களில் எடை கூடி வீட்டுக்குப் போனான். பக்கத்துப் படுக்கைக் குழந்தை பிழைக்கவில்லை. அதன் தாய் புறப்படும்போது எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "இந்தத் தொப்பியை நான் கொண்டு போகலாமா?" மருத்துவமனைக் கணக்கில் அது ஒரு துண்டுத் துணி. அந்தத் தாய்க்கு, தன் பிள்ளை இந்த உலகத்தில் இருந்ததற்கு அது ஒன்றுதான் அடையாளம். யோப்பா பட்டணத்தில் தொற்காள் மரித்தபோது விதவைகள் அழுதுகொண்டு, அவள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காண்பித்தார்கள் என்று வாசிக்கிறோம். ஏன் காண்பித்தார்கள் என்று அன்றைக்கு எங்களுக்கு விளங்கிற்று.

தொப்பி தைக்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். புதுத் துணி வேண்டாம். கஞ்சி போகத் துவைத்து மிருதுவான பழைய வெள்ளைப் பனியன் துணியே மேல். நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்று ஏறக்குறைய 35 சென்டிமீட்டர். குறைமாதக் குழந்தைக்கு அதைவிடக் குறையும். ஆகவே ஒரே அளவில் பத்து தைக்காமல் சிறிதும் பெரிதுமாகத் தையுங்கள். தையல் விளிம்பு வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்ளே இருந்தால் மெல்லிய தோலை உறுத்தும். காதை மூடவேண்டும், கண்ணுக்கு இறங்கக் கூடாது. நாடா, பொத்தான், மணி, ரிப்பன் எதுவும் வேண்டாம். அழகுக்கு ஆசைப்பட்டால், வெளி ஓரத்தில் கலர் நூலால் ஒரு வரிசை ஓட்டுத் தையல் போதும். வந்து சேரும் எல்லாவற்றையும் நாங்கள் மறுபடி கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்தியே உள்ளே அனுப்புகிறோம்.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கைகளுக்காக நாங்கள் எப்போதும் நன்றியுள்ளவர்களாக இருக்கிறோம். இன்றைக்கு நாங்கள் கேட்பது பணம் அல்ல. இந்த வாரம் ஒருநாள் சாயங்காலம் மிஷின்மேல் இருக்கும் பேப்பர்களை எடுத்து வையுங்கள். வீட்டில் மூத்தவர் எவரோ அவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். சிறியவன் எவனோ அவன் நூல் கோக்கட்டும். முதலில் உங்கள் வீட்டுக்கு ஒன்று தையுங்கள். மீந்த துணியில் எங்களுக்கு ஒன்று தையுங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால் ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்து போங்கள்.

கர்த்தர் உங்கள் வீடுகளையும், உங்கள் கைவேலைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.