சுளகும் சொல்லும்



பாஞ்சாலங்குறிச்சிக்கு வருவோர் முதலில் காண்பது 1974-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட நினைவுக் கோட்டை. பழைய கோட்டையின் அடித்தளமோ அருகில் மண்ணோடு மண்ணாய்க் கிடக்கின்றது. 1799 அக்தோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அவன் கோட்டையும் இடிக்கப்பட்டது. 1801 பிப்பிரவரியில் ஊமைத்துரையும் தோழர்களும் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பி வந்தனர். சில நாள்களிலேயே கோட்டை மீண்டும் எழுந்தது. மார்ச்சு 31-இல் வெள்ளையர் படை அதன்மேற் பாய்ந்து, பேரிழப்புடன் பின்வாங்கியது. மே 24-இல்தான் கோட்டை வீழ்ந்தது. அத்தனை நாள் நின்றது கருங்கல் மதிலன்று, மண்சுவர்! பழம்பாணி என்று இகழப்படுவதன் வலிமை, அதனைப் பயன்கொண்டவர்க்கே தெரியும்.

இக்கரிசல் வீடுகளின் பரணில் தூசி படிந்து கிடக்கும் சுளகும் அத்தகையதே.

கரிசல் வானம் பார்த்த நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தைத் தன்னுள் தேக்கிவைத்துப் பயிரைக் காக்கும். கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். இந்நிலத்திற்கு ஏற்ற தவசங்கள் கம்பும் சோளமும் குதிரைவாலியும். கம்பை ஈரம் தெளித்து உரலிலிட்டு இடிப்பர்; சுளகிற் புடைத்து உமி போக்குவர்; மீண்டும் இடித்துக் குருணை வேறு மாவு வேறாகப் பிரிப்பர். குருணையை உலையிலிட்டு, வெந்ததும் மாவைக் கரைத்து ஊற்றிக் கிளறுவர். உருண்டை பிடித்து இரவெல்லாம் நீரில் இட்டுவைத்தால், விடியலில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துண்ண அதற்கு இணையான உணவு வேறில்லை. உருண்டை கிடந்த நீரும் உழவனின் வயிற்றை உச்சிவரை குளிர்விக்கும்.

இச்சுவையோடு தமிழ்ச் சுவையும் சேர்ந்தே இருந்தது. சுளகு புறநானூற்றிலேயே ஆளப்பட்ட சொல். அச்சுளகு ஒன்றைக் கையிலெடுத்தால் தமிழச்சி செய்யும் வினைகள் நான்கு. மேலும் கீழும் தட்டி உமியைப் பறக்கவிடுதல் புடைத்தல். பக்கவாட்டில் அசைத்துக் கல்லைப் பிரித்தல் நாவுதல். மென்மையாய் அசைத்து நொய்யை ஒதுக்குதல் தெள்ளுதல். நல்லதும் அல்லதும் வேறுபடச் சலித்தல் கொழித்தல். கைந்நுட்பம் நான்கு, சொல்லும் நான்கு. ஒன்றற்கு மற்றொன்று ஈடாகாது.

புலவர் 'தெள்ளுதமிழ்', 'கொழிதமிழ்' என்று தாய்மொழியைப் போற்றியது எங்கிருந்து பெற்ற உவமை? அடுக்களையில் அமர்ந்திருந்த தாயின் கையிலிருந்து! தெள்ளுதலும் தெளிவும் ஒரே வேரின் கிளைகள். சுளகைக் கண்டறியாத பிள்ளைக்குத் 'தெள்ளுதமிழ்' பொருளற்ற ஓசையாகும். பொருள் வழக்கொழிந்தால் சொல் அகரமுதலியில் அடைக்கலம் புகும். இதனை உணர்ந்தே இடைசெவல் கி. இராசநாராயணன், கரிசல் மக்களின் சொற்களைத் தொகுத்து 1982-இல் அகராதியாக்கினார். ஆயினும் அகராதி சொல்லைக் காக்குமேயன்றிக் கம்பை விளைவிக்காது.

கம்பு ஏன் போயிற்று? உரலும் உலக்கையும் பெண்டிர் தோளை முறித்தன என்பது மறைக்கவொண்ணா உண்மை. பொழுது விடியுமுன் தொடங்கிய இடிப்பைப் பழமையின் அழகென்று பாடுவோர் ஒருநாளேனும் உலக்கை பிடித்தவராய் இரார். நியாய விலைக் கடையின் அரிசி அத்துயரைப் போக்கியது, அது நன்றே. ஆனால் அரிசிச்சோறு மேன்மை, கம்பஞ்சோறு இழிவு என்ற எண்ணமும் உடன் நுழைந்தது. விருந்தினர் வந்தால் கூழ்ப்பானையை மறைத்தனர் மக்கள்! கம்பு விளைந்த கரிசலில் இன்று கோழித் தீவனத்திற்கான மக்காச்சோளம் பரந்து நிற்கின்றது.

காலத்தின் வேடிக்கை பாரீர்! ஒன்றிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதவச ஆண்டாக அறிவித்தது. நகரத்து உணவகங்களில் கம்பங்கூழ் மண்குவளையிலே மிடுக்குடன் வருகின்றது. அயலார் புகழ்ந்த பின்னரே தன் வீட்டுப் பானையைத் திறந்து பார்க்கும் இழிநிலை தமிழனுக்கு வேண்டுமா? புகழ் வந்தும், அதனை விளைவித்த மானாவாரி உழவனின் மடி நிறையாவிடில் அப்புகழால் யாருக்கு என்ன பயன்?

பழமையைச் சுவைத்தல் என்பது பழந்துன்பத்தை மீட்பதன்று. இடிக்கும் வேலையைப் பொறி செய்யட்டும். உலக்கை ஓய்வு கொள்ளட்டும். ஆனால் கரிசலில் கம்பு விளையட்டும். உழவனுக்கு உரிய விலை கிடைக்கட்டும். வீட்டில் ஒரு சுளகு இருக்கட்டும். ஆணும் பெண்ணும் அதனைக் கையிலெடுக்கட்டும். புடைப்பதற்கும் தெள்ளுவதற்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளை நூலிற் படித்தன்று, கண்ணாற் கண்டு அறியட்டும்.

இடிந்த கோட்டையைச் சில நாள்களில் எழுப்பிய மண் இது. பரணிலிருந்து ஒரு சுளகை இறக்குவதற்கு எத்தனை நாள் வேண்டும்?